ஓர் இயக்கி இயங்குகிறது

எல்பேக்கரை வானொலியில் ஞாயிறுதோறும் வரும் நிகழ்ச்சிக்குப் பெயர் 'துறைமுகக் காலை'. கப்பல் மணி அடிப்பார்கள், அக்கார்டியன் வாசிப்பார்கள், கடலில் இருக்கும் மாலுமிகளுக்கு வீட்டிலிருந்து வாழ்த்துச் சொல்வார்கள். அந்த மணி அடித்த பிறகுதான் காலைச் சாப்பாட்டு அவித்த முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டுவது என்று வைத்திருக்கும் குடும்பங்கள் ஹாம்பர்க்கில் இன்னும் உண்டு.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு முட்டைகள் ஆறிப்போயின. வானொலியில் மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. நிகழ்ச்சி நடக்காமல் இல்லை. மணியும் அக்கார்டியனும் வாழ்த்தும் ஒன்றுவிடாமல் நிலையத்தின் சாப்பாட்டுக்கூடத்து ஸ்பீக்கரில் கேட்டன. கேட்டது ஒரே ஒரு ஆள். திங்கட்கிழமைக்கு வேண்டிய உருளைக்கிழங்கை யாருக்கும் தெரியாமல் ஞாயிறே வந்து உரித்துக்கொண்டிருந்த சமையல்காரி அண்ட்யே. அவள்தான் வீப்கேவுக்கு போன் போட்டு, ஹாம்பர்க் வணக்கத்தோடு ஆரம்பித்தாள்.

"மொயின், பொண்ணே. உன் கப்பல்காரங்க எல்லாரும் என் அடுப்படியில வந்து நிக்கிறாங்க. எவனோ சிங்கப்பூர்ல இருக்கானாம், அவன் பொண்டாட்டி முத்தம் குடுக்குறா. வாங்கிக்க இங்க நான் ஒருத்திதான் இருக்கேன்."

வீப்கே ஹார்ம்சனுக்கு நிலையத்தின் ஒலிபரப்பு மென்பொருளைப் பார்த்துக்கொள்வது வேலை. ஓடி வந்து பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள் வேலை செய்யக் கூடாது என்பதால் நிகழ்ச்சி முழுவதையும் வியாழனன்றே பேசி, வாசித்து, மணியடித்துக் கணினியில் வைத்துவிடுவார்கள். ஞாயிறு காலை அது தானாக ஓடும். ஆனால் கணினிக்கு நேராகக் கருவிகளோடு பேசத் தெரியாது. நடுவில் ஒலி இயக்கி என்று ஒரு சிறு நிரல் நின்று, இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். அந்தக் கணினியில் நான்கு இயக்கிகள் இருந்தன. ஒன்று ஒலிபரப்புக் கோபுரத்துக்கு, ஒன்று சாப்பாட்டுக்கூடத்துக்கு, ஒன்று லிஃப்டுக்கு, மற்றொன்று யாரோ எப்போதோ இணைத்துவிட்டு மறந்துபோன ஒரு ஹெட்போனுக்கு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். சனிக்கிழமை கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது, கோபுரத்தைக் கைவிட்டுச் சாப்பாட்டுக்கூடத்தைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு வீப்கே அதைக் கையாலேயே கோபுரத்துக்கு மாற்றிவைத்தாள்.

வைத்தியம் ஒரே ஒரு வரி. நிகழ்ச்சி தொடங்குமுன் கணினியிடம், இப்போது எந்த இயக்கி வேலை செய்கிறது, அதன் பெயர் என்ன என்று கேட்க வேண்டும். கோபுரம் என்று பதில் வந்தால் சரி. வேறு பெயர் வந்தால் உடனே மாற்றிவிடலாம். அந்த வரியை வீப்கே திங்கட்கிழமை காபி ஆறுவதற்குள் எழுதி முடித்தாள். எழுதியதோடு நின்றிருக்கலாம். நல்லபடியாக வளர்க்கப்பட்ட பெண், அதனால் அனுமதி கேட்டாள்.

நிலைய இயக்குநர் டாக்டர் புரூகமான் அவளை உட்காரவைத்து ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தபடி பேசினார். அவர் யாரிடம் பேசினாலும் ஆற்றிடம்தான் பேசுவார்.

"ஃப்ராவ் ஹார்ம்சன், இந்த நிறுவனத்துல ஒரு வேலையைச் சரியா செய்யறதைவிட சரியான வழியில செய்யறதுதான் முக்கியம். ரெண்டும் ஒண்ணா நடந்ததா எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா அந்த லட்சியத்தை நான் கைவிடல. நீங்க முதல்ல தகவல் பாதுகாப்பு அதிகாரியைப் பாருங்க, அப்புறம் ஊழியர் மன்றத்தைப் பாருங்க. மே மாசம் துறைமுகத்தோட பிறந்தநாள். ஊரே நம்மளைக் கேக்கும். அன்னைக்கும் மௌனம்னா, உங்க நிரந்தரத்துல நான் கையெழுத்துப் போட முடியாது. உங்களுக்கே தெரியும், சோதனைக் காலத்துல ரெண்டு பேர் இருக்கீங்க, இடம் ஒண்ணுதான்."

தெரியாமல் என்ன? இன்னொரு ஆள் டோர்பன். காப்பகத்தில் கடற்காக்கைச் சத்தங்களைப் பிரித்து வைக்கிற சாதுவான பையன். அவனோடு வீப்கேவுக்குப் பகை கிடையாது. ஆனால் அவளுக்கு அந்த இடம் வேண்டும். பார்ம்பெக் பகுதியில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். இரண்டு அறை, ஒரு நாற்காலி மட்டும் போடக்கூடிய பால்கனி. ஹாம்பர்க்கில் வீடு கிடைப்பதும் மாப்பிள்ளை கிடைப்பதும் ஒன்றல்ல, மாப்பிள்ளை கிடைத்துவிடுவான். வீட்டுக்காரி ஃப்ராவ் குவாஸ்ட் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: "நிரந்தர வேலைன்னு சொல்லு, சாவி உன் கையில. மே முடியறவரைக்கும் உனக்காக வச்சிருப்பேன். அதுக்கு மேல என் தலையைத் தின்னாதே." அதுவரை வீப்கேவுக்கு வாய்த்தது, டிராம்போன் பயிலும் மாணவன் ஒருவனோடு பங்கு போட்ட அறை. அவன் ஊதாத நேரத்தில் இவள் தூங்குவாள்.

தகவல் பாதுகாப்பு அதிகாரி க்னீப்பின் அறையைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது. கதவில் பெயர்ப்பலகை இல்லை. வாசலில் இருந்த காவலாளியைக் கேட்டால், "ஒரு அதிகாரி ஒரு மாடியில இருக்கார்" என்கிறான். அதற்கு மேல் சொல்ல அவனுக்கு அதிகாரம் இல்லையாம்.

க்னீப் அவள் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"நீங்க பேரைக் கேக்கப் போறீங்க."

"ஆமா, ஒரு நிரலோட பேரு."

"என்ன மாதிரிப் பேரு? உதாரணம் சொல்லுங்க."

"ஒண்ணு கோபுரம், ஒண்ணு லிஃப்ட். அந்த ஹெட்போனுக்கு 'ரோஸ்விதாவோட'ன்னு..."

க்னீப் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். சற்று நேரம் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஃப்ராவ் ஹார்ம்சன், இப்ப நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு பேரு வந்தா, பேருக்குப் பின்னால ஒரு ஆள் வருவாங்க. ஆளுக்குக் காது இருக்கும். காதுன்னா கேக்கிற சக்தி, அது எவ்வளவு இருக்கு, எவ்வளவு குறைஞ்சிருக்கு. அது மருத்துவத் தகவல்! நான் இந்த வேலைக்கு வந்து பதினேழு வருஷம். இன்னைக்கு வரைக்கும் இந்தக் கட்டடத்துல யார் என்ன வேலை பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியாது. அதை நான் பெருமையாத்தான் சொல்றேன்."

"சத்தம் தப்பான இடத்துக்குப் போகுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தப்பான இடம்ங்கிறது உங்க அபிப்பிராயம்" என்றார் க்னீப்.

அன்று மாலையே ஒலிபரப்பு அறைக்கு வந்தார். கணினித் திரையின் ஒரு மூலையில், இயங்கும் இயக்கியின் பெயர் பொடி எழுத்தில் தெரியும். அதைப் பார்க்காமல் தடவித் தடவியே அதன் மேல் கறுப்பு நாடாவை ஒட்டினார். போகும்போது, சுவரில் சிவப்புப் பெட்டிக்குள் தொங்கிய வெள்ள எச்சரிக்கை மைக்கையும் சந்தேகமாகப் பார்த்தார். அது அந்தக் காலத்து மைக். புயல் வெள்ளம் வந்து ஊர் மூழ்கினாலும் கணினி, இயக்கி எதுவும் இல்லாமல் நேராகக் கோபுரத்துக்குப் போகும். தண்ணீர் ஏற ஏற அறிவிப்பாளர் மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அதற்கு மாடிக் கணக்கில் நீளமான கம்பி. அதற்குப் பெயரில்லை என்று தெரிந்ததும் க்னீப் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அடுத்தது ஊழியர் மன்றம். தலைவி ரோஸ்விதா டிம். மன்றத்தில் எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிட வேண்டும். நீங்க என்றால் முதலாளி பக்கம் என்று பொருள். மேசையில் பட்டை மணக்கும் ரொட்டிச் சுருள்களும் காபியும் இருந்தன. வீப்கேவுக்குச் சற்று நம்பிக்கை வந்தது. கணினியிடம் எதைக் கேட்கப் போகிறாள் என்று பொறுமையாகச் சொன்னாள்.

"அதாவது," என்றாள் ரோஸ்விதா, "நாலு பேர்ல யார் வேலை செய்யறாங்கன்னு கேக்கப் போற."

"பேர் இல்ல, நிரல்."

"யார் வேலை செய்யறாங்கன்னு கேட்டா, யார் செய்யலைன்னு தன்னால தெரிஞ்சுடும். மத்த மூணு பேரைச் சும்மா இருக்காங்கன்னு காட்டிக் குடுக்கிறியா நீ? இங்க அது நடக்காது. சரி, இப்ப வேலை செய்யறவர் எப்பலேருந்து செய்யறார்?"

இந்தக் கேள்விக்கு வீப்கே பொய் சொல்லியிருக்கலாம். மறுபடியும் சொல்கிறேன், நல்லபடியாக வளர்க்கப்பட்ட பெண்.

"போன கிறிஸ்துமஸ்லேருந்து, அந்த ஒரு ஞாயிறு தவிர. கணினியை நாம அணைக்கிறதே இல்லையே."

ரொட்டிச் சுருள்கள் தட்டுக்குத் திரும்பின. மன்றத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ராத்திரியும் பகலுமா?" என்றாள் ரோஸ்விதா. குரல் இறங்கிவிட்டது. "இடைவேளை இல்லாம? ஞாயிறும் சேத்தா?"

"அது மனுஷன் இல்ல ரோஸ்விதா. அதுக்குக் களைப்புக் கிடையாது."

"அதைத்தான் எல்லா முதலாளியும் சொன்னாங்க. எங்க தாத்தா இந்தத் துறைமுகத்துல மூட்டை தூக்கினார். அவருக்கும் களைப்பே கிடையாதுன்னுதான் சொன்னாங்க. நான் இந்த நாற்காலியில உக்காந்ததுலேருந்து ஒருத்தரையும் அதிகமா வேலை செய்ய விட்டதில்ல. நான்கூடச் செஞ்சதில்ல."

"அப்ப கேக்காமலே கோபுரத்து இயக்கிக்கு மாத்திடறேன். ஞாயிறு காலையில மட்டும்."

"கேக்காமலே ஒருத்தரை வேலைக்கு இழுத்துட்டுப் போறதா? குடிகாரனை மூட்டை கட்டிக் கப்பல்ல ஏத்தின காலம்னு நினைச்சியா?"

தீர்மானம் அன்றே நிறைவேறியது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை இயக்கிக்கு அரை மணி ஓய்வு. அந்த அரை மணியில் வானொலியில் ஏன் சத்தமில்லை என்று கேட்ட நேயர்களுக்கு, உழைப்பின் மதிப்பைப் பற்றி ஓர் அச்சிட்ட அட்டை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வேலை நான்கு இயக்கிகளுக்கும் முறை வைத்துச் சமமாகப் பங்கிடப்படும். எந்த ஞாயிறு யார் முறை என்பது தனிப்பட்ட தகவல் ஆகையால், க்னீப் அதைத் தன் இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொள்வார். சாவி அவரிடமும் இருக்கக் கூடாது என்று பிறகு முடிவானது.

வீப்கே மனம் தளராமல் அறை அறையாக ஏறி இறங்கினாள். அறையில் டிராம்போன் ஊதும் நேரத்தில் விண்ணப்பம் எழுதினாள். மே மாதம் பிறந்ததும் அதிசயமாக அனுமதி வந்தது. கணினியிடம் கேட்கலாம். ஒரே ஒரு தரம், வேலை நேரத்தில், மூன்று அதிகாரிகளின் முன்னிலையில் கேட்கலாம். பதில் பெயர் நீக்கி வர வேண்டும். படித்ததும் அழித்துவிட வேண்டும்.

டாக்டர் புரூகமான் இதை ஒரு விழாவாக்கினார். ஒலிபரப்பு அறையில் வெண்ணெய் கேக் வைத்தார்கள். டோர்பன்கூட வந்து ஓரமாக நின்றான். புரூகமான் ஜன்னல் இல்லாத அறையில் ஆற்றைத் தேடிப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நண்பர்களே, ஒரு நிறுவனம் தன்னைப் பத்தியே ஒரு கேள்வி கேக்கத் துணியறது சாதாரணம் இல்ல. நான் இயக்குநரா இருந்த காலத்துல இதுதான் முதல் தடவை. கடைசியாவும் இருக்கும்னு நம்பறேன்."

வீப்கே விசையைத் தட்டினாள். திரையில் எழுத்து வந்தது.

'ஓர் இயக்கி இயங்குகிறது.'

கைதட்டல் எழுந்தது. ரோஸ்விதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. க்னீப் புதிதாகப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் அந்த வரியைப் பார்த்தார்.

"எது?" என்றாள் வீப்கே.

"என்ன எது?"

"எந்த இயக்கி?"

க்னீப் பரிதாபமாகப் புன்னகைத்தார். "அதைக் கேக்கத்தான் அனுமதி இல்லையே."

பிறகு அந்த வரியை அழித்தார்கள். கேக்கை வெட்டினார்கள். வீப்கே அந்த வரி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோர்பன் தன் துண்டையும் அவள் தட்டில் வைத்துவிட்டுப் போனான்.

துறைமுகத்தின் பிறந்தநாள் ஞாயிறு வந்தது. ஆற்றில் பாய்மரக் கப்பல்கள் வரிசை கட்டி நின்றன. கரையெங்கும் பொரித்த மீன் வாசம். வேலைக்கு வரக் கூடாத நாளில் வீப்கே பின்வாசல் வழியாக நிலையத்துக்குள் நுழைந்தாள். வாயால் கேட்கக் கூடாதென்றால், காதால் கேட்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே. நிகழ்ச்சி எங்கே ஒலிக்கிறதோ அங்கே போய் நிற்பது, அதுதான் அவள் திட்டம். சிவப்புப் பெட்டியைத் திறந்து வெள்ள மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். கம்பி தரையில் இழைந்துகொண்டே பின்னால் வந்தது.

நேரம் வந்தது. கோபுரத்துக்குப் போவது ஒலிபரப்பு அறையிலும் கேட்கும், ஆனால் அங்கே சத்தமில்லை. கோபுரத்துக்கு இன்று முறை இல்லை. சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓடினாள்.

"இங்க இல்ல பொண்ணே" என்றாள் அண்ட்யே, உருளைக்கிழங்கிலிருந்து தலை தூக்காமல். "இன்னைக்கு எனக்கு ஒருத்தரும் முத்தம் குடுக்கல."

ஹாம்பர்க் முழுவதும் கரண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டைக்கு மேல் காத்திருப்பதை நினைத்து வீப்கேவுக்கு வியர்த்துவிட்டது. தாழ்வாரத்துக்கு வந்தாள். தரைத்தளத்தில் லிஃப்ட் தானாகத் திறந்தது. உள்ளேயிருந்து கப்பல் மணி கேட்டது.

பாய்ந்து உள்ளே போய், மைக்கின் பொத்தானை அழுத்தி, அதைக் கூரை ஸ்பீக்கருக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மணி அடங்கி அக்கார்டியன் தொடங்கியது. ஊர் முழுக்க முட்டைகள் உடைந்தன. கை வலித்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. பால்கனியில் போடப்போகும் நாற்காலியின் நிறத்தைக்கூட யோசித்துவிட்டாள்.

அக்கார்டியன் பாதியில் இருக்கும்போது மூன்று பேர் லிஃப்டுக்குள் வந்தார்கள். புரூகமான், க்னீப், ரோஸ்விதா. மொட்டை மாடியிலிருந்து கப்பல் அணிவகுப்பைப் பார்க்கப் போகிறார்கள். பார்ப்பது வேலையில் சேராது. க்னீப் கையில் கிரீம் கேக் ஒன்று இருந்தது. புரூகமான் மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் மைக்கைப் பார்த்தார்.

வாய் மூடிக்கொண்டது. ரோஸ்விதா மைக்கைப் பார்த்தாள். பேசினால் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததாக ஆகிவிடும். க்னீப் பார்த்தார். அவர் குரல் அவருடைய தனிப்பட்ட தகவல். கம்பி குறுக்கே கிடந்ததால் கதவு மூடவில்லை. கம்பியை எடு என்று சொல்லவேண்டுமானால் பேச வேண்டும். படியேறலாம் என்றால் புரூகமானின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அவரை விட்டுவிட்டு ஏறலாமா என்று கேட்கவும் பேச வேண்டும். ஆகவே மூவரும் அப்படியே நின்றார்கள். அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அந்த மூன்று பேரும் சேர்ந்து அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது அதுதான் முதல் தடவை. லிஃப்ட் மட்டும் சலிக்காமல் "கதவு மூடுகிறது, கதவு மூடுகிறது" என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தது.

வாழ்த்துகள் முடியும் தறுவாயில், உருளைக்கிழங்கு வாளியோடு அண்ட்யே வந்தாள். மேல்மாடிச் சரக்கறைக்குப் போக வேண்டும் அவளுக்கு.

"என்ன எல்லாரும் செத்த வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்றாள். கப்பல்காரர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல். "அடடா, ஹெர் டீட்மார் க்னீப்! கேக் உருகி உங்க பேன்ட்டுல வழியுது பாருங்க!"

அவர் முழுப்பெயர், கேக், பேன்ட் எல்லாமாகச் சேர்ந்து எல்பே ஆற்றின் இரு கரையிலும் வடகடலில் இருந்த கப்பல்களிலும் ஒலித்தது. க்னீப் சத்தமில்லாமல் சரிந்து உட்கார்ந்தார்.

நேயர்களுக்கு நிகழ்ச்சி மிகவும் பிடித்திருந்தது. கதவு மூடுகிறது என்ற குரலைக் கேட்டுப் பழைய படகுத்துறை அறிவிப்புகள் நினைவுக்கு வந்ததாகப் பல பேர் எழுதினார்கள். க்னீப்புக்கு மட்டும் பேன்ட்டைப் பற்றி விசாரித்துக் கடிதங்கள் வந்தன.

மறுநாள் புரூகமான் வீப்கேவையும் டோர்பனையும் ஒன்றாகக் கூப்பிட்டார். க்னீப் கறுப்புக் கண்ணாடி போட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். ரோஸ்விதா கையில் காபியோடு சாட்சிக்கு நின்றாள்.

"நேத்து நிகழ்ச்சி கேட்டது" என்றார் புரூகமான் ஆற்றிடம். "யாரால கேட்டதுன்னு விசாரிச்சா ஞாயிறு வேலை செஞ்சது யார்னு தெரியவரும். அதனால விசாரிக்கல. நிரந்தர இடத்துக்கு முடிவு எடுத்தாச்சு. ஆனா நேத்து இந்த நிறுவனத்துல ஒரு மனுஷரோட பேரு வெளிய போய் பெரிய காயம் பட்டிருக்கு. இனிமே அந்தத் தப்பு நடக்காது."

தாளை எடுத்துப் படித்தார். "சோதனைக் காலத்தில் இருந்தவர்களில் ஓர் ஊழியர் நிரந்தரமாக்கப்படுகிறார். இன்னோர் ஊழியர் மாதக் கடைசியில் விடைபெறுகிறார்."

எழுந்து வந்து, இரண்டு பேருக்கும் நட்டநடுவே காற்றில் கையை நீட்டி, அந்தக் காற்றைக் குலுக்கினார். "மனமார்ந்த வாழ்த்துகள். உங்கள்ல ஒருத்தருக்கு."

வெளியே தாழ்வாரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாழ்த்துகள்" என்றான் டோர்பன். "ஒருவேளை."

"உனக்கும்" என்றாள் வீப்கே. "ஒருவேளை."

அவள் பையில் போன் அடித்தது. ஃப்ராவ் குவாஸ்ட்.

"நேத்து ரேடியோவுல கேட்டேன், நல்லா இருந்துச்சு. என் முட்டை பதமா இருந்துச்சு. சொல்லு, வேலை நிரந்தரம் ஆயிடுச்சா?"

வீப்கே மூச்சை இழுத்துப் பிடித்தாள். நல்லபடியாக வளர்க்கப்பட்ட பெண்.

"ஒருத்தருக்கு ஆயிடுச்சு."

"யாருக்கு?"

"அதைக் கேக்கத்தான் அனுமதி இல்ல, ஃப்ராவ் குவாஸ்ட்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சத்தம் வேறு எங்கேயாவது போகிறதோ என்று வீப்கே போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

"சரிம்மா" என்றாள் ஃப்ராவ் குவாஸ்ட். "அப்ப வீட்டையும் ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்னு வச்சுக்க."